ஜன்னல் இல்லாத சுவருக்கு ஒரு திரை

பக்கத்து அறையில் மண் உதிரும் ஓசை கேட்டது. கையளவு அரிசியை யாரோ கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் விடுவது போன்ற சரசரப்பு. தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அவள் கால் அப்படியே நின்றது. ஊசி துணிக்குள் இறங்கியபடி கிடந்தது. உள்ளே படுத்திருக்கும் கணவர் ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவார். இப்போது தட்டவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். புருவத்திலும் போர்வையின் மடிப்பிலும் சாம்பல் நிறத் தூசி. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லைங்க. பழைய வீடு. எதையாவது உதுத்துக்கிட்டேதான் இருக்கும்" என்றாள்.

வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். ஒருநாள் காலையில் வலது கையும் காலும் தன்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டன. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் பேச்சு அவளுக்கு மட்டுமே புரிகிற பாஷையாகிவிட்டது. அதைக்கூட அவர் சிக்கனமாகத்தான் செலவழித்தார்.

அவளை அந்தத் தெருவே 'கர்ட்டன் அக்கா' என்றுதான் கூப்பிடும். பாதி வீடுகளின் ஜன்னல்களில் அவள் தைத்த திரைகள்தான் தொங்கின. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலைத்தான் அளப்பாள்; அப்புறம்தான் மனிதர்களைப் பார்த்துச் சிரிப்பாள். வெயிலை மறைக்க ஒரு துணி, அடுத்த வீட்டுக்காரரின் கண்ணை மறைக்க ஒரு துணி என்று அவளுக்குத் தெரியாத மறைப்பு கிடையாது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் கடைசியில் அவளையே வளைத்துக்கொண்டது.

பக்கத்து மனையில் யாரோ மாடி மாடியாகக் கட்டப்போவதாகச் சொல்லி ஆழமாகத் தோண்டினார்கள். பங்காளிகளுக்குள் சண்டை வந்தது, வேலை நின்றது. குழி மட்டும் மிஞ்சியது. மழை வந்து அதை நிரப்பியது. அதற்குப் பிறகுதான் கணவரின் அறைச் சுவரில் தலைமுடி போல ஒரு கோடு விழுந்தது. முடி நூலாயிற்று. நூல் கயிறாயிற்று. ஒருநாள் அவள் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று.

கடைக்குப் போய் கனமான துணி வாங்கிவந்தாள். உள்துணி வைத்து, மடிப்பு மடிப்பாகக் கொசுவி, கம்பி மாட்டி, வளையம் கோத்து, கூரையிலிருந்து தரை வரைக்கும் தொங்கவிட்டாள். அந்தச் சுவரில் ஜன்னலே இல்லை. ஆனால் பார்க்கிறவனுக்குத் திரைக்குப் பின்னால் பெரிய ஜன்னல் இருப்பதாகத்தான் தோன்றும். யாராவது விலக்கிப் பார்த்துவிட்டால்? அதற்கும் வழி கண்டுபிடித்தாள். கணவரின் கட்டிலைத் திரையோடு ஒட்டிப் போட்டாள். நோயாளியைத் தாண்டிக் கை நீட்டி எவன் திரையை விலக்குவான்?

பாவி மகளே, கட்டிலை நகர்த்தும்போது உன் கை நடுங்கவில்லையா? நடுங்கியது. வீடு விற்கும் வரைக்கும்தானே என்று அந்தக் கைக்கு அவளே சமாதானம் சொன்னாள்.

விற்றே ஆகவேண்டும். மகள் இருக்கும் ஊரில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், படி ஏறாத சின்ன வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். "இங்க எங்களோட வந்து இருங்கம்மா" என்று மகள் போனில் கெஞ்சுவாள். "மருமகன் வீட்டு வாசல்ல மூட்டையோட போய் நிக்கச் சொல்றியா? எங்களுக்குன்னு ஒரு கதவு வேணும்டி" என்று இவள் வெட்டிவிடுவாள்.

ஆனால் வீடு விற்கவில்லை.

"அக்கா, உங்க வீட்டைக் காட்டிக் காட்டியே என் செருப்பு தேஞ்சுபோச்சு" என்றான் புரோக்கர்.

"செருப்புதானே தேஞ்சுது? வாய் அப்படியேதானே இருக்கு."

"சிரிக்காதீங்க. வர்றவங்க ஹாலைப் பார்த்தா சந்தோஷப்படறாங்க, சமையலறையைப் பார்த்தா அதுக்கு மேல. அந்த ரூம் வாசலுக்கு வந்ததும் முகம் தொங்கிப்போகுது. மாமாவைப் பார்த்துட்டு, ராசியில்லாத வீடுன்னு கிளம்பிடறாங்க. ஒரே ஒரு நாள் மாமாவை ஹாலுக்கு மாத்துங்கக்கா. வித்துக் காட்டறேன்."

அவளுக்குப் பகீரென்றது. எதை வைத்து மறைத்தாளோ அதுவே வருகிறவர்களை விரட்டுகிறது! கட்டிலை எடுத்தால் திரை அனாதையாகத் தொங்கும். முதலில் வருகிறவனே விலக்கிப் பார்ப்பான். கட்டில் இருந்தால் எவனும் வாங்கமாட்டான்.

"அவருக்கு அந்த இடம் பழகிப்போச்சு. மாத்த முடியாது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நோயாளியைப் பார்த்துப் பயப்படாத ஆளாக் கூட்டிட்டு வாயேன்" என்றாள்.

"அப்படின்னா நர்ஸைத்தான் கூட்டிட்டு வரணும்" என்று சிரித்தான் அவன்.

சொன்னபடியே கூட்டிக்கொண்டு வந்தான்.

அன்று மாலை, வேலை முடிந்த உடுப்போடு அந்த நர்ஸ் வந்தாள். களைத்த முகம், ஆனால் ஹாலைப் பார்த்ததும் குழந்தை மாதிரி மலர்ந்தது. அறை வாசலுக்கு வந்தபோது மற்றவர்களைப் போல அவள் தயங்கவில்லை.

"எங்கம்மாவும் இப்படித்தான், படுத்த படுக்கை. இப்ப இருக்கற வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இந்த ரூம் அம்மாவுக்கு நல்லா இருக்கும். கட்டிலைக்கூட இப்படியே போட்டுடலாம்" என்றாள்.

பெயர் தெரியாத ஒரு கிழவி அந்தச் சுவருக்கு அடியில் படுத்திருப்பது கர்ட்டன் அக்காவின் கண்ணில் தெரிந்தது. சொல்லிவிடு என்றது மனசு. சும்மா இரு, கையெழுத்து ஆகட்டும் என்றது இன்னொன்று. அவள் சும்மா இருந்தாள்.

நர்ஸ் நேராகக் கட்டிலுக்குப் போனாள். "ஐயா, எப்படி இருக்கீங்க?" என்று மணிக்கட்டைப் பிடித்தாள். தலையணையில் கிடந்த தூசியைப் பார்த்தாள். அவர் இருமினார். "என்னம்மா, காத்தே இல்லாம வெச்சிருக்கீங்க? மூச்சுக்குக் கஷ்டப்படறாரு பாருங்க" என்றவள், ஆஸ்பத்திரியில் தினமும் செய்கிற பழக்கத்தில், கட்டிலுக்கு மேலாகக் கையை நீட்டித் திரையைச் சர்ரென்று இழுத்தாள்.

"வேண்டாம்!" என்று இவள் கத்துவதற்குள் வளையங்கள் கம்பியின் மறுமுனையில் போய் மோதிவிட்டன.

கூரையிலிருந்து தரை வரைக்கும் சுவர் பிளந்து கிடந்தது. பிளவின் வழியே வெளிச்சம் வந்தது. வெளியே குழித் தண்ணீரில் பட்ட மாலை வெயில், உள்ளே அவருடைய முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

புரோக்கரின் வாய் முதல் முறையாக அடைத்துப்போனது.

வீட்டின் விலை, வயது, தண்ணீர் வசதி என்று எதைக் கேட்டாலும் பதில் தயாராக வைத்திருந்தாள் அவள். நர்ஸ் அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. "இவரை ஏம்மா இங்க படுக்க வெச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்டாள்.

அவளுக்குப் பொய் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "வாங்க வர்றவங்க கண்ணுல படக்கூடாதுன்னு" என்றாள். சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவள் காதிலேயே விழுந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

கட்டிலிலிருந்து கரகரத்த குரல் வந்தது. "தெ...தெரியும்."

"என்னங்க?"

"காத்துல திரை ஆடும். வெளிச்சம் தெரியும்." ஒவ்வொரு சொல்லையும் மேட்டில் பஸ் ஏற்றுவதுபோல ஏற்றினார். "நீ வித்துடணும்னு... சும்மா இருந்தேன்."

ஐயோ! அத்தனை நாளும் அவர் தெரிந்தேதான் படுத்திருக்கிறார். மனைவிக்காகச் சுவருக்குக் காவல் கிடந்திருக்கிறார். அவள் அவருடைய செயலற்ற கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு விம்மினாள்.

"அழுகை அப்புறம். முதல்ல தூக்குங்க" என்றாள் நர்ஸ்.

மூன்று பேருமாகக் கட்டிலோடு அவரை ஹாலுக்கு இழுத்தார்கள். வாசற்படியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது உள்ளே தொப்பென்று சத்தம். சற்றுமுன் அவர் தலை இருந்த இடத்தில் தேங்காய் அளவு காரைக்கட்டி கிடந்தது. அதற்குமேல் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நர்ஸ் போனில் பேசிவிட்டு வந்தாள். "எங்க ஆஸ்பத்திரி வண்டி ஒரு ஆளை இறக்கிவிட்டுட்டு வரும். இன்னைக்கு ஐயா எங்க வார்டுல இருக்கட்டும். நான் போய்ப் படுக்கையைத் தயார் பண்றேன். அதுவரைக்கும் யாரும் அந்த ரூம் பக்கம் போகாதீங்க."

"உங்கம்மாவுக்கு வீடு..." என்று இழுத்தாள் கர்ட்டன் அக்கா.

"வேற பார்க்கணும்" என்றாள் அவள். கோபப்படாமல் படி இறங்கிப் போனாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

புரோக்கர் போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நல்லதாப் போச்சு. மாமா வெளிய வந்துட்டாரு. எனக்குத் தெரிஞ்ச கொத்தனார் இருக்கான். வெடிப்பை அடைச்சு, ஒரு பூச்சு பூசி, பெயிண்ட் அடிச்சுட்டா புது வீடு மாதிரி ஆயிடும். கல்யாணமான புது ஜோடி ஒண்ணு கையில இருக்கு. சின்னஞ்சிறுசுங்க, ஒண்ணும் தெரியாது. ஊம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். முடிவை அவளிடமே விட்டுவிட்டார். படி ஏறாத அந்தச் சின்ன வீடு, அவளுக்கென்று ஒரு கதவு, எல்லாம் அந்த ஒரு 'ஊம்'முக்குள் இருந்தன.

அவள் போனை எடுத்தாள்.

"நான்தான்டி. அப்பாவோட வர்றேன். உங்க வீட்டுல ஒரு கட்டில் போட இடம் பண்ணு... இல்லை, விக்கலை. விக்கப்போறதும் இல்லை. மாப்பிள்ளைகிட்ட நானே பேசறேன்."

"அக்கா, பைத்தியமா உங்களுக்கு?" என்றான் புரோக்கர்.

"அந்த நர்ஸ் பொண்ணு கேட்டதுக்கே என்கிட்ட பதில் இல்லை தம்பி. அந்தச் சின்னஞ்சிறுசுங்க நாளைக்கு வந்து கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?"

"அவங்க எங்க வந்து கேக்கப்போறாங்க?"

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். சுவர் சரிந்தால் வந்து கேட்க அவர்கள் இருக்கமாட்டார்கள் என்ற அர்த்தம் அவனுக்கும் புரிந்துவிட்டது. ஏதோ முணுமுணுத்தபடி செருப்பை மாட்டிக்கொண்டான். எரிச்சலில் வாசற்கதவை அறைந்து சாத்தப்போனான். அந்த அதிர்வைச் சுவர் தாங்காது.

அவள் பாய்ந்து போய் நடுவில் கையைக் கொடுத்தாள். கதவு அவள் விரல்களில் மோதி நின்றது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, அவன் தெருவில் இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்து, தூங்கும் குழந்தையைக் கீழே விடுவதுபோல, சத்தமே வராமல் சாத்தினாள்.