வாத்துக் குஞ்சும் ஒரு வாளித் தண்ணீரும்

வாத்துக் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன?

அந்த நம்பிக்கையில்தான், நேற்று வாங்கிவந்து இன்று காலை சோர்ந்து கிடந்த குஞ்சை ஒரு வாளித் தண்ணீரில் விட்டேன். தெம்பாகிவிடும் என்று நினைப்பு.

பத்தே நிமிடத்தில் நனைந்த பஞ்சு மாதிரி தலை தொங்கிவிட்டது.

அள்ளிக்கொண்டு வண்டியில் சித்தையன்கோட்டைக்குப் பறந்தேன். குஞ்சை விற்ற அண்ணன், அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணில விட்டீங்களாம்மா?”

“வாத்துதானேண்ணே?”

அவர் துண்டால் குஞ்சைத் துவட்டி, சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

“இது கோழி அடைகாத்துப் பொரிச்ச குஞ்சும்மா. தாய் வாத்துகிட்ட ஒட்டிக் கெடந்தா அது எண்ணெ பட்டு, மேல தண்ணி ஒட்டாது. இதுக்கு எண்ணெ எங்கிட்டு இருக்கு? றெக்கை மொளைக்கிற வரைக்கும் சூட்டுல வச்சிருங்க.”

சற்று நேரத்தில் சட்டைக்குள்ளிருந்து மெல்லிய ‘கீச்’. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“என்ன வேலைம்மா பாக்குறீங்க?”

“டீச்சர்ண்ணே.”

“என்ன பாடம்?”

பதினாறு வருடமாகப் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன்.

“கணக்கு” என்றேன்.

இதைப் படிக்கும் கணக்கு டீச்சர்கள் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம். என் மாணவர்கள் மட்டும் வரவேண்டாம்.