சோற்றுப் பொதியில் வைத்த குளிசை

நாங்கள் ஓலைத்தொடுவாயில் இருக்கிறோம். கடற்றொழில் செய்யும் என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்து வருவதாக இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அன்றிலிருந்து கறிக்கு உப்பைக் குறைத்தேன். கருவாட்டை வீட்டுக்குள் எடுக்கவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கிளினிக்கிலும் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு ஏறிக்கொண்டே போனது. இனி என்னத்தைக் குறைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?" என்று டொக்டர் கேட்கும்போதெல்லாம் "இல்லை" என்றுதான் இருவரும் சொல்வோம்.

நாலாம் கிளினிக்கன்று வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது, "இடுப்பு உளையுது, ஒண்டு தா" என்றார் இவர். நான் பையிலிருந்து நோவுக்குப் போடும் குளிசையை எடுத்ததைப் பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி கண்டுவிட்டார்.

"இது என்னம்மா?"

"நோக் குளிசை, மிஸ்ஸி. கடையில வாங்கிறது. கடலுக்குப் போகேக்க சோத்துப் பொதியோட ரெண்டு வைக்கிறனான்."

எங்கள் கரையில் அதை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை. வெற்றிலை, தீப்பெட்டி மாதிரி அதுவும் பொதியோடு போகும்.

மிஸ்ஸி எங்களை உடனே உள்ளே கூட்டிப் போனார். "மிச்சமிருக்கிற கிட்னியையும் இது அழிச்சுப்போடும். இண்டைக்கே நிப்பாட்டுங்கோ" என்றார் டொக்டர்.

"அது இல்லாம நான் எப்பிடி வலை இழுக்கிறது, டொக்டர்?" என்று கேட்டார் இவர்.

டொக்டர் எழுதித் தந்த வேறு குளிசை இவருடைய நோவுக்குப் போதாது.

இப்போது கடையில் எந்தக் குளிசை வாங்கினாலும் அதன் மட்டையையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறேன். பொதியில் சோறு மட்டும்தான் வைக்கிறேன். படகு கரைக்கு வந்ததும், அவர் நிமிர எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.