பெரிய கிளாக்கர் ஐயாவின் அர்ஜண்ட்

ஆபீஸ் கதவு திறக்கும் முன்பே அந்தக் குரல் வந்துவிடும்: "அர்ஜண்ட்!" எழுபதுகளில் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் சின்னக் கிளாக்கர், குரல் பெரிய கிளாக்கர் ஐயாவுடையது. மை முடிந்தால் அர்ஜண்ட், பதுளையிலிருந்து ஆணி வரவேண்டுமென்றால் அர்ஜண்ட், தேத்தண்ணியில் சீனி குறைந்தாலும் அர்ஜண்ட். கையிலிருப்பதைப் போட்டுவிட்டு உடனே செய் என்பது அந்த இங்கிலீஷ் சொல்லின் அர்த்தம். எங்கள் தோட்டத்திலோ, ஆற அமரச் செய்தால் போதும் என்றாகியிருந்தது. "ஐயாவோட அர்ஜண்டுதானே? விடிஞ்சு செஞ்சா போச்சு" என்பார் லொறி டிரைவர் அண்ணன். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

என் மனைவிக்கு வலி கண்ட அன்று சிரிப்பு வரவில்லை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாயும் தங்காது என்று மருத்துவச்சி ஆபீஸுக்குச் சொல்லியனுப்பினார். தோட்டத்தில் இருந்தது ஒரே லொறி. தோட்டத்து மானேஜர் துரை சொல்லாமல் அது எல்லை தாண்டாது. துரையோ ஊரில் இல்லை. ஐயா வராந்தாவுக்கு ஓடிப்போய், "டிரைவர், அர்ஜண்ட்!" என்று கத்தினார். எதிரே தொழிற்சாலைத் தாழ்வாரத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த அண்ணன், வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த துண்டைப் பிய்த்தார்.

ஐயா மறுபடி கத்தவில்லை. காலில் சப்பாத்தைக்கூட மாட்டாமல் மழைச்சேற்றில் இறங்கி நடந்தார். லொறிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "புள்ளத்தாச்சிப்பா. எடு. துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார், மெதுவாக. ரொட்டி கீழே விழுந்ததை அண்ணன் பார்க்கவேயில்லை.

வீட்டு வாசலில் என் மனைவியை ஏற்றிக்கொண்டு பண்டாரவளை வழியாக விரட்டினார். பதுளையில் சாயங்காலம் மகள் பிறந்தாள், தாயும் பிழைத்தாள். துரை திரும்பி வந்து ஐயாவைத் திட்டித் தீர்த்தார். ஐயா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்ததும் எதற்கோ "அர்ஜண்ட்" என்று கூவினார்.

மாறியது டிரைவர் அண்ணன்தான். கோழித்தீனி ஏற்றக் கூப்பிட்டாலும் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். நான் கேலி செய்தேன். "எது நெசம்னு யாருக்குத் தெரியும் தம்பி? போய்ப் பாத்துட்டா போச்சு" என்றார்.

அந்த மகள் இப்போது பண்டாரவளையில் இருக்கிறாள். வாரத்துக்கு நாலு தடவை போனில் கூப்பிட்டு, "அப்பா, அர்ஜண்ட்!" என்கிறாள். பெரும்பாலும் ரசப்பொடி விஷயம்தான். நான் சோற்றுக் கையைக் கழுவிவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறேன்.