பீடு என்று எழுதிய பலகை

தமிழ் எனக்குத் தெரியும் என்ற திமிர் கொஞ்சம் உண்டு. பாகலூர் தாண்டி அக்காவின் நிலத்தில் 'பீடு' என்று பெரிதாக எழுதிப் பலகை நட்டதும் அந்தத் திமிரில்தான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, நிலத்துக்காரர். மகன் கம்பெனி ஷிஃப்டுக்குப் போனபிறகு ஆள் கிடைக்காமல் தக்காளி போடுவதை விட்டுவிட்டார். உண்ணிச்செடியும் எருக்கும் மண்டின. நானும் சிற்பியான என் தோழியும் அங்கே வேலை செய்ய இடம் கேட்டோம். "முள்ளு குத்துச்சின்னா என்னெ கேக்கக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே விட்டார். தக்காளிச் செடிக்கு ஊன்றி மிச்சம் கிடந்த குச்சிகளை இணைத்து உருவங்கள் கட்டினோம். அவற்றின்மேல் கோவைக்கொடி ஏறியது. கௌதாரிகள் வந்தன. எதையும் வெட்டுவதில்லை என்று எங்களுக்குள் பேச்சு. மண் தன் பெருமைக்குத் திரும்புகிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

அக்கா மட்டும் வருடா வருடம் சாலையோரம் நாலு சால் ராகி விதைப்பார். "இது யாருக்குக்கா, குருவிக்கா?" என்று கேலி செய்வேன். "இருக்கட்டும்மா" என்பார்.

பலகையைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"யாரு எழுதனது இத?"

"நான்தான்க்கா. பெருமைன்னு அர்த்தம்."

"அய்யோ தேவுடா! எங்க பக்கத்துத் தெலுங்குல பீடுன்னா தரிசும்மா. பயிர் வெக்காத நெலத்தத்தான் மொதல்ல கம்பெனிக்கு எடுக்கறாங்க. சுத்தியும் அளந்து கல்லு நட்டுக்கினு வராங்க, நீ பாக்கல? உழவு நெலம்னு காட்டத்தானே அந்த நாலு சால் ராகி. நீ போர்டே மாட்டி வெச்சிட்டியே!"

பலகையைப் பிடுங்கி எறிந்தோம். ஆனால் முந்தின நாளே பைக்கில் வந்த ஒருவர் அதைப் படமெடுத்திருந்தார். ரசிகர் என்று நினைத்து, 'இன்னும் தள்ளி நின்னா முழு நிலமும் விழும் சார்' என்று யோசனை சொன்னதே நான்தான்.

அடுத்த நாள் அக்கா மண்வெட்டியோடு வந்து, "வெட்டிக்கட்டுமாம்மா?" என்றார். அவருடைய நிலத்துக்கு எங்களிடம் அனுமதி! தோழி தன் சிற்பத்தைத் தானே பிரித்துப் போட்டாள். கை கிழியக் கிழியப் புதரை வெட்டினோம். உழுது, நிலம் முழுக்க ராகி விதைத்தோம். மழை ஏமாற்றவில்லை. பச்சை பிடித்தது. ஆனாலும் சாலையில் பைக் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

படமெடுத்தவர் வந்தார். கூடவே கல் ஏற்றிய வண்டி.

அக்கா பயிருக்கு நடுவே போய் நின்றார். "பாருங்க சார், ராகி. கண்ணால பாருங்க."

அவர் பயிர் பக்கம் திரும்பவே இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். போனை நீட்டி, "இது நீங்க வெச்ச போர்டு தானேம்மா?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். படத்தில் முழு நிலமும் விழுந்திருந்தது. என் எழுத்து தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரிந்தது.