விளக்கு வைக்காத முகம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி இருக்கும். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வட்டகொடை ரயில் நிலையத்திலிருந்து பேசினார்கள். நானுஓயாப் பக்கமிருந்து வந்த வண்டியில் ஒரு பயணி ஜன்னலில் சாய்ந்தபடியே இறந்திருக்கிறார், சட்டைப்பையில் உங்கள் ஸ்டூடியோ உறை இருந்தது, அதிலிருந்த இலக்கத்துக்குத்தான் எடுக்கிறோம் என்று சிங்களத்தில் சொன்னார்கள். உறைக்குள் இராணுவ உடையில் ஓர் இளைஞனின் படம் இருக்கிறதாம். இறந்தவரின் மகனா என்று கேட்டார்கள்.

மகன் இல்லை என்றேன். யாருடைய மகன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் படத்தை அவர் இன்னும் கொண்டுதிரிந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இறந்துபோன யோகநாதன் சேரை உங்களில் பலர் கணக்கு வாத்தியாராக அறிவீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி ஹட்டனுக்கு வந்தவர். "ரெண்டு வருசத்திலை போயிடுவன்" என்று சொல்லித்தான் என் ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருந்த அறையை எடுத்தார். யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. அவர் போகவேயில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை 'முதலாளி' என்று கூப்பிடுவார். இரண்டு கமராவும் ஒரு கிழிந்த திரையும் வைத்திருப்பவனை அப்படிக் கூப்பிடுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அந்த அறையில் அவர் செய்த மற்ற வேலை சிலருக்குத்தான் தெரியும். பழுதாய்ப்போன பிரிண்டர்களிலிருந்து மோட்டார் கழற்றி, மேசை லாச்சி இழுத்து மூடும் தண்டவாளங்களைப் பலகைச் சட்டத்தில் பூட்டி, பழைய கம்பியூட்டர் ஒன்றோடு இணைத்து, ஒரு செதுக்கும் மெசின் செய்திருந்தார். கம்பியூட்டர் சொல்கிற இடத்துக்கு அதன் ஊசிமுனை போகும், சொல்கிற ஆழத்துக்கு இறங்கும். விளம்பரப் பலகைக் கடையில் மிஞ்சும் வெள்ளை அக்ரிலிக் துண்டில் ஒரு முகத்தை வரிவரியாகச் செதுக்க ஆறு மணித்தியாலம் எடுக்கும். சும்மா பார்த்தால் மேடும் பள்ளமுமாய் ஒரு வெள்ளைத் துண்டு, அவ்வளவுதான். பின்னால் விளக்கு வைத்தால் மெல்லிய இடத்தில் வெளிச்சம் வரும், தடித்த இடம் இருண்டு நிற்கும். அப்போது ஆள் அப்படியே எழும்பி வருவார்.

முதல் துண்டில் தன் பாஸ்போர்ட் படத்தையே செதுக்கினார். கம்பியூட்டருக்குக் கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு விளக்கைப் போட்டபோது, கரிய முகமும் பஞ்சுபோல் வெளுத்த தலைமயிருமாக ஒரு கிழவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் செத்தவர்களின் படத்துக்குத்தான் விளக்கு. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு யாரும் வைப்பதில்லை. "அணைங்க சேர், இதெல்லாம் வெளாட்டு இல்ல" என்றேன்.

அவர் சிரித்தார். "முதலாளி, இது வெறும் வெளிச்சம். யமனுக்கு விண்ணப்பம் போடயில்லை." ஆனாலும் அணைத்தார். அதன் பிறகு உயிரோடு இருக்கிற யாருக்கும் அவராக விரும்பிச் செதுக்கியதில்லை. நம்பிக்கை வந்து அல்ல. என் மனசுக்காக என்று பிறகொருநாள் சொன்னார். அந்த விதியைப் போட்டவன் நான்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்தது.

தேயிலைத் தோட்டத்துச் சனம் என்னிடம் படம் பெரிதாக்க வருவார்கள். பல பேரிடம் அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது. அதைச் சேரிடம் கொடுப்பேன். கொத்மலைப் பக்கத்திலிருந்து ஒரு கொழுந்தெடுக்கும் அம்மா, புருஷனின் படத்தோடு வந்தார். செதுக்கி முடித்து விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டினோம். அந்த அம்மா அழவில்லை. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அணைச்சிருங்கய்யா. கண்ண முழிச்சிக்கிட்டு இருக்காரு, பேச மட்டும் மாட்டேங்குறாரு" என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் அதை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு யுத்தம் மறுபடி மூண்டது. யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்கே தங்கியிருந்தாலும் பொலிசில் பதிய வேண்டியிருந்த காலம். வீடுவீடாகச் சோதனை போட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தனிக்கட்டை ஒருவரின் அறையில், வயர்கள் தொங்க ஒரு மெசின், நாள் முழுக்க ஊளையிடுகிற சத்தம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்தாலே குரலைத் தாழ்த்தினார்கள். கழற்றி ஒளித்துவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன். "ஒளிச்சால்தான் அது குண்டு. மேசையிலை இருந்தால் மெசின்" என்றார்.

ஒரு காலை பொலிசார் வந்தேவிட்டார்கள். கட்டிலைப் புரட்டினார்கள், வயரைப் பிடித்து இழுத்தார்கள். முன்னுக்கு நின்ற சார்ஜன்ட் மேசையிலிருந்த வெள்ளைத் துண்டொன்றைத் தூக்கி இது என்ன என்று கேட்டார். சொன்னால் விளங்காது என்று சேர் அதை வாங்கி விளக்குக்கு முன்னால் பிடித்தார். காலஞ்சென்ற தபால்காரர் ஒருவரின் முகம் வந்தது. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது என்று நினைத்தேன்.

வரவில்லை. அடுத்த வாரம் அந்தச் சார்ஜன்ட் சாரம் கட்டி, சாதாரண ஆளாக வந்தார். கையில் ஒரு படம். வடக்கில் சண்டையில் நிற்கிற மகன். ஒரே பிள்ளை. சந்தையில் பழகிய தமிழில், மகனின் அம்மா படத்தைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள், வெளிச்சத்தில் பார்த்தால் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும், செய்து தாருங்கள் என்றார். அதிகாரமாகக் கேட்கவில்லை. ஆனால் அவர் சார்ஜன்ட். எங்களுக்கு அது போதும்.

அவர் போனதும் நான் கதவைச் சாத்தினேன். செதுக்கிக் கொடுத்து நாளைக்கே அந்தப் பையனுக்கு ஒன்று நடந்தால், உயிரோடு இருந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தான் விளக்கு வைத்தான் என்றுதானே சொல்வார்கள்? அதற்குப் பிறகு சேரை யார் காப்பாற்றுவது? மாட்டேன் என்று சொன்னால் அதுவும் சந்தேகம். சேர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடிவான பிள்ளை. கணக்குப் பாடத்திலை கடைசி வாங்கிலை இருக்கிற முகம்" என்றார். பயம் அவருக்கும் இருந்தது.

மறுக்க வழியில்லாமல் செதுக்கத் தொடங்கிய அன்று மத்தியானம் கரண்டு போனது. நெற்றி, கண், மூக்கு, வாய் எல்லாம் இறங்கி, ஊசிமுனை கழுத்தில் நின்றுவிட்டது. கரண்டு வந்து மறுபடி தொடங்கியபோது மெசின் ஒரு மயிரிழை விலகியிருந்தது. முடித்து வெளிச்சத்தில் பிடித்தால் கழுத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், யாரைக் கும்பிட்டேன் என்று தெரியாது. "இதை ஒரு தகப்பனிட்டைக் குடுக்க ஏலாது" என்று சேர் அதை அரத்தால் ராவித் தூளாக்கினார். நல்ல அக்ரிலிக் துண்டு கிடைத்து இரண்டாவதைச் செய்து முடிக்க இரண்டு வாரம் போனது. அந்த இரண்டு வாரமும் சார்ஜன்ட் வரவில்லை. வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் இருட்டறைக்குள் போய் நின்றுகொள்வேன்.

அவர் வந்தபோது சேர் வெள்ளைத் துண்டை மட்டும் கொடுத்தார். விளக்குப் பெட்டி செய்து முடித்து என் அலமாரியில் இருந்தது. அதைக் கொடுக்கவில்லை. "மகன் லீவிலை வரட்டும். ரெண்டு பேருமாய் வாங்கோ. அவனைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு நானே விளக்கைப் பூட்டித் தாறன். இந்தப் படத்தையும் அவன்ரை கையிலைதான் குடுப்பன்." சார்ஜன்ட் சேரின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு "சரி மாஸ்டர்" என்று சொல்லித் துண்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். சாமர்த்தியமாகத் தப்பினோம் என்று அன்று நான் சேரின் முதுகில் தட்டினேன்.

அதன் பிறகு எப்போதாவது சந்தையில் சார்ஜன்டைக் கண்டால் சேர் தவறாமல் கேட்பார், மகன் எப்படி, எப்போது வருகிறார் என்று. லீவு கிடைக்கவில்லை என்று பதில் வரும். யுத்தம் முடிந்தது. சார்ஜன்ட் வேறிடம் மாறிப் போனார். பெட்டி என் அலமாரியிலேயே இருந்தது. சேரோடு ரயிலில் போனவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கலாம். சீருடையில் யாராவது ஏறினால் முகத்தை உற்று உற்றுப் பார்ப்பார். வம்பை விலைக்கு வாங்குகிறார் என்று நான் ஏசியிருக்கிறேன். சட்டைப்பையில் அந்தப் படம் இருந்தது எனக்குத் தெரியாதே.

சேரின் உடலைத் தங்கச்சி வந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். இங்கே பாடசாலையில் கூட்டம் வைத்தோம், சுவர்களில் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டினோம். அதற்கு நாலு நாள் கழித்து, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் சார்ஜன்ட் ஸ்டூடியோவுக்குள் வந்தார். ஓய்வுபெற்றுவிட்டாராம். பஸ்ஸில் போகும்போது நோட்டீஸில் முகத்தைக் கண்டு இறங்கி, வீட்டுக்குத் திரும்பிப் போய் எடுத்து வந்திருக்கிறார். கடதாசியில் சுற்றிய அந்த வெள்ளைத் துண்டை மேசையில் வைத்தார். தனியாகத்தான் வந்திருந்தார்.

"பெட்டிய குடுங்க" என்றார்.

மகன் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "படம் செய்ய சொன்ன நேரம் மகன் இருந்தது. இத எடுக்க வந்த அன்னைக்கி, மகன் போயி நாலு நாள்."

அப்படியென்றால் அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வந்தேன். மாஸ்டர் சொன்னாரு, மகன் வரட்டும், நான் லைட்டு போட்டுத் தாறேன்னு. அப்புறம் எனக்கு வாய் வரல்ல. ஊட்டுல எல்லாம் மகன் செத்துப்போச்சு. கோயில்ல சாவுத் தானம் குடுத்தாச்சு. மாஸ்டர்கிட்ட மட்டும் மகன் இருந்தது. ரோட்டுல பாத்தா கேப்பாரு, மகன் எப்ப வருதுன்னு. அது கேக்கத்தான் நான் சந்தைக்கு வருவேன்." கடதாசியைப் பிரித்தபடி, "இப்ப கேக்க யாரும் இல்ல. லைட்டு போடுங்க" என்றார்.

பெட்டியை எடுத்துத் துடைத்து, துண்டைச் சட்டத்தில் நிறுத்தி, வயரைச் செருகினேன். பையன் வந்தான். கழுத்தில் கோடு இல்லை. சார்ஜன்ட் அழுதார், நானும் அழுதேன். வட்டகொடையிலிருந்து வந்த உறையையும் அவர் கையில் கொடுத்தேன். போகும்போது பெட்டியை மழை படாமல் மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

சேரின் அறையை அடுத்த மாதம் வேறொருவருக்குக் கொடுக்கிறேன். மெசினைப் பாடசாலை எடுத்துக்கொள்ளும். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த முதல் துண்டு, கறுப்பும் வெள்ளையும் மாறிப்போனது. அதில் அவர் வெள்ளைத் தலைமயிரோடு இருக்கிறார். ஐம்பத்தாறு வயதில் போனவருக்கு அந்த நரைத்த தலை வாய்க்கவில்லை.

அந்தத் துண்டுக்குப் பின்னால் விளக்கு வைக்க இப்போது தடை இல்லை. விதியைப் போட்டவன் நானே. இருந்தும் வைக்கவில்லை. பின்னறைக் கதவைத் தாண்டும்போது "சேர், எப்ப வாறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன். சார்ஜன்டின் மகனை அவர் இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தார். அவரை நான் எவ்வளவு நாள் வைத்திருப்பேன் என்று தெரியவில்லை.