காரீயப் பெட்டியின் சாவி

என் அக்கா புருஷனை வேலையிடத்தில் எல்லோரும் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் நுழைய முடியாத குழாய்க்குள்ளும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போய் வெல்டிங் வைத்துவிட்டு வருவார். "அப்படி உள்ள என்னதான் அத்தான் இருக்கு?" என்று கேட்டால், "உங்கக்கா குரல் கேக்காது, அது போதாதா?" என்பார்.

அது அணு உலை. கதிர்வீச்சை அளக்க ஆளுக்கொரு பேட்ஜ் உண்டு, சட்டையில் குத்திக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அதில் அளவு எல்லையைத் தொட்டுவிட்டால் அந்த வருஷம் முழுக்க வேலை கிடையாது. அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். உள்ளே போகுமுன் பேட்ஜைக் கழற்றி, பேட்ஜ் அறைக்குப் பொறுப்பான என்னிடம் கொடுத்துவிடுவார்கள். மேஜைக்கடியில் ஒரு காரீயப் பெட்டி. அதில் போட்டுப் பூட்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொள்வேன். காரீயத்துக்குள் கதிர் புகாது, பேட்ஜ் சுத்தமாக இருக்கும் என்று பெரிய மேதாவித்தனம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதினோரு வருஷம் இப்படியே போனது. இப்போது அத்தானுக்கு ரத்தப் புற்று. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இழப்பீடு கேட்டு எழுதினோம். பேட்ஜில் ஒன்றுமே பதிவாகவில்லை என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது. இந்த மாதிரி முடிவுகளை மறுபடி பார்க்க, நிறுவனத்துக்குக் கட்டுப்படாத கண்காணிப்புக் குழு ஒன்று இருக்கிறது. அங்கே முறையிட்டோம். குழுவிலிருந்து ஓர் அம்மா வந்து, பேட்ஜ் அறையிலேயே எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்தார். பெட்டி என் முழங்காலில் இடித்தது.

"வாசல்ல ஒரு பேட்ஜ் சும்மா தொங்குதே, அதுலகூட கொஞ்சம் பதிவாயிருக்கு. மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் எப்பவும் வர்றது அது. உலைக்குள்ள போன இவரோடதுல அதைவிடக் கம்மி. எப்படிங்க?"

காரீயப் பெட்டி அதையும் சேர்த்துத் தடுத்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் இது எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

"தொழிலாளியே மறைச்சிருந்தா விதிப்படி இழப்பீடு கிடையாது. பொறுப்புல இருக்கறவங்க வாங்கி வெச்சிருந்தா உண்டு. யார் வெச்சது?"

நான்தான் என்று சொன்னால் அத்தானுக்கு வைத்தியம் நடக்கும். என் வேலை போகும், வழக்கு வரும், என் இரண்டு பெண்களும் தெருவில் நிற்பார்கள். பையிலிருந்த சாவியைக் கையால் மூடிக்கொண்டேன்.

"நான்தாம்மா," என்றார் அத்தான். "நானே ஒரு காரீய டப்பா செஞ்சு வெச்சிருந்தேன். இவனுக்கு ஒண்ணும் தெரியாது. இவன் சுத்த மண்ணு."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்படியா? நீங்க சொல்லுங்க." பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். நல்ல மனுஷி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஆமாங்க," என்றேன்.

வெளியே வந்ததும் அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு வார்த்தை சொல்ல இத்தனை நேரமா மாப்ளே? நான் பயந்தே போயிட்டேன்." சிரித்தார். "உங்கக்காகிட்ட வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்."

மறுநாள் காலை வெல்டர்கள் வழக்கம்போல வரிசையில் வந்து பேட்ஜைக் கழற்றி நீட்டினார்கள்.

"வேண்டாம்டா, போட்டுக்கிட்டே போங்க," என்றேன்.

"எல்லை தொட்டுடுச்சுன்னா எங்க வீட்டுக்கு நீங்களா சோறு போடுவீங்க?" என்றான் முதலில் நின்றவன்.

பையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன்.