வெள்ளவத்தையில் எங்களுக்கு மட்டும் லிஃப்ட் இல்லை

கணவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்ததும், ஒரு கிழமை கொழும்பிலேயே நிற்கும்படி டொக்டர் சொன்னார். அதனால் போன ஆவணியில், வீடு பிடிக்கும் ஃபோன் அப் ஒன்றில் பார்த்து, வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டை நாள் வாடகைக்கு எடுத்தோம். வவுனியாவிலிருந்து எங்களைப்போல வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். நாலாம் மாடி, லிஃப்ட் உண்டு. படத்தில் கடல் தெரிந்தது. நேரில் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தாங்கிதான் தெரிந்தது. அது போகட்டும்.

மூன்றாம் நாள் காலை டொக்டரிடம் கிளம்பினால் லிஃப்ட் கதவில் அறிவித்தல்: நாள் வாடகைக்கு வந்தவர்கள் லிஃப்ட் பாவிக்கக்கூடாது. லிஃப்டை இயக்க எங்களுக்குத் தந்திருந்த கார்டும் வேலை செய்யவில்லை. ஊன்றுகோலோடு நிற்கிற மனிதர் நாலு மாடி எப்படி இறங்குவார்?

வீட்டுச் சொந்தக்காரருக்கு ஃபோனில் கோல் எடுத்தேன். "என்ர சொந்தம் எண்டு சொல்லுங்கோ அக்கா, விடுவினம்" என்றார். அவர் இருப்பது கொழும்புக்கு வெளியே, ஹெந்தளையில். இங்கே நடக்கிற சண்டை அவருக்கு எங்கே கேட்கப்போகிறது?

பொய் சொல்ல மனம் வரவில்லை. அறிவித்தலைப் போட்ட குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவி செல்வராணி அக்கா எதிர் ஃபிளாட்டில்தான் இருந்தார். அவரிடம் போய்க் கத்தினேன்.

"உங்களில கோவமில்லை தங்கச்சி. போன மாசம் இதே ஃபிளாட்டுக்கு வந்த கூட்டம் மேலயிருந்து போத்தல் எறிஞ்சு, கீழ் வீட்டுப் பிள்ளைக்குத் தலையில காயம். முறையிட ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனா மற்றக் கந்தோரைக் காட்டுகினம். நாங்கள் வேற என்ன செய்யிறது?"

"அதுக்கு இவர் படியில விழுந்து சாகிறதோ?"

அவர் என் கணவரின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். தன் கார்டை எடுத்துக்கொண்டு எங்களோடு கீழே வந்தார். "திரும்பி வரேக்க எனக்கு கோல் எடுங்கோ. ஆனா நாளைக்கு வேற இடம் பாருங்கோ."

அவரில் பிழை சொல்லவும் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனையில் ஒரு நிலத்தள அறைக்கு மாறினோம். ஆஸ்பத்திரிக்கு நெரிசலில் ஓட்டோவில் முக்கால் மணித்தியாலம். மேல்மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா அடையாள அட்டை வாங்கிப் பார்த்தார், வாடகைக்கு விடத் தான் எடுத்த பதிவுச் சான்றிதழைக் காட்டினார். "பக்கத்து வீட்டுக்கும் சொல்லிட்டன். ஒன்பதுக்குப் பிறகு சத்தம் வேண்டாம்." கேட்கும்போது கடுப்பாக இருந்தது. ஆனால் அங்கேதான் நிம்மதியாகத் தூங்கினோம்.

காசு கட்டமுதல் இரண்டு விஷயம் கேளுங்கள்: வீடு பதிவு செய்யப்பட்டதா, கட்டடச் சங்கத்துக்குத் தெரியுமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். தன் உறவினர் என்று பொய் சொல்லச் சொன்னால் அந்த வீடு வேண்டாம். யார் வாடகைக்கு விடலாம் என்பதை மாநகர சபை முதலே தீர்மானிக்க வேண்டும். நோயாளி லிஃப்ட் வாசலில் வந்து நின்ற பிறகு அல்ல.

ஊர் திரும்பிய அன்று ஹெந்தளைக்காரரின் மெசேஜ் வந்தது: "அக்கா, அஞ்சு ஸ்டார் போட்டுவிடுங்கோ."

ஒன்று போட்டேன். அதற்குக் கீழே போட அந்த அப்பில் வழியில்லை.